வெர்ஷன் மாறினாலும் வாக்கு மாறக்கூடாது: ஏபிஐ நிலைத்தன்மைக்கு விதி எழுதிய அனுபவம்

எங்கள் டெலிவரி நிறுவனத்தின் ஏபிஐக்கு (பிற நிறுவனங்களின் மென்பொருள் எங்கள் சர்வரோடு பேசும் இடைமுகம்) எழுத்து வடிவில் நிலைத்தன்மை விதிகள் வேண்டும் என்று முடிவானபோது, வெர்ஷன் எண் முறையில்தான் வாக்குவாதம் வரும் என்று எதிர்பார்த்தோம். அது ஒரே கூட்டத்தில் முடிந்தது. செமான்டிக் வெர்ஷனிங்கின் மூன்று எண்களை எடுத்துக்கொண்டோம். பழைய பயனாளரின் கோடு (நிரல்) உடையும் என்றால் முதல் எண், உடையாத புது வசதி என்றால் நடு எண், பிழைத்திருத்தம் என்றால் கடைசி எண்.

சிக்கல் 'உடைவது' என்றால் என்ன என்பதில் இருந்தது. அதை எங்களுக்கு உறைக்க வைத்தது ஓர் அஞ்சல் குறியீடு. நாங்கள் பயன்படுத்திவந்த ஒரு வெளிச் சேவை, நடு எண்ணை மட்டும் உயர்த்திய ஒரு ரிலீஸில், குறியீடு வரும் ஃபீல்டை (தரவுப் புலத்தை) ஸ்ட்ரிங்கிலிருந்து (எழுத்துச் சரத்திலிருந்து) எண்ணாக மாற்றிவிட்டது. சிங்கப்பூர் குறியீடுகள் ஆறு இலக்கம். நகர மையத்தில் பல, பூஜ்யத்தில் தொடங்குபவை. மரினா பே சாண்ட்ஸின் 018956, எங்கள் லேபிளில் 18956 என்று அச்சாகி வந்தது. "ஃபீல்டின் பெயர் மாறவில்லையே" என்பதே அவர்கள் பதில். எங்கள் முதல் விதி அன்றே எழுதப்பட்டது: தரவு வகையை மாற்றினால், பெயர் அதேதான் என்றாலும் அது உடைக்கும் மாற்றம்.

அப்புறம் ஒரு பொதுவான திசையைப் பிடித்தோம். கிளையண்டிடமிருந்து (ஏபிஐயை அழைக்கும் மென்பொருளிடமிருந்து) நாங்கள் வாங்கும் பக்கத்தில் தளர்த்தலாம், இறுக்கக்கூடாது. கொடுக்கும் பக்கத்தில் இறுக்கலாம், தளர்த்தக்கூடாது. கட்டாயமாகக் கேட்ட ஒன்றை இனி விருப்பம் என்று ஆக்கினால் யாருக்கும் பாதிப்பில்லை. எப்போதும் மதிப்போடு வந்த ஒரு ஃபீல்டு திடீரென்று காலியாக வந்தால், அதை நம்பியிருந்த ஆப் அங்கேயே விழும். பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு விதியே பதில் சொல்லிவிட்டது.

அதிக நேரம் பிடித்தது ஆர்டரின் நிலையைச் சொல்லும் ஃபீல்டு. 'அண்டை வீட்டில் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு புது நிலையைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒன்றைச் சேர்ப்பதுதானே, எதையும் எடுக்கவில்லையே என்று டெவலப்பர்கள் பலர் சொன்னோம். வாடிக்கையாளர் நிறுவனங்களின் இணைப்புகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் அக்கா ஒருவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. சிங்கப்பூர் பாய லேபாரில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே காப்பிக்கடையில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். "தம்பி, அவங்க கோடுல இந்த அஞ்சு நிலைதான் வரும்னு எழுதி வச்சிருப்பாங்க. ஆறாவது வந்தா அந்த ஒரு ஆர்டர் மட்டும் போகாது, மொத்த ரெஸ்பான்ஸையும் படிக்க முடியாம போயிடும்" என்றார். சோதித்துப் பார்த்தோம். கண்டிப்பான வகைகளோடு தானாக உருவாக்கப்பட்ட கிளையண்ட் ஒன்றில் அவர் சொன்னதுதான் நடந்தது.

அதனால் பட்டியல்களை இரண்டாகப் பிரித்தோம். மூடிய பட்டியலில் புது மதிப்பு சேர்ந்தால் முதல் எண் உயரும். திறந்த பட்டியலில் புது மதிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தெரியாத மதிப்பைத் தாங்குவது கிளையண்டின் பொறுப்பு. ஆனால் ஆவணத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, யாரும் படிக்க மாட்டார்கள். எனவே பட்டியலில் இல்லாத ஒரு நிலையைச் சோதனைச் சூழலில் நாங்களே அவ்வப்போது கலந்து அனுப்புகிறோம். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறைக்கு இதே உத்தியை 2020இல் வந்த ஆர்எஃப்சி 8701 (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஒன்று) வகுத்திருக்கிறது. இருக்கிற எங்கள் நிலை ஃபீல்டை மூடியதாகவே விட்டுவிட்டு, அடுத்த பெரிய வெர்ஷனில் திறந்தோம். புது நிலை தாமதமானதில் விற்பனைப் பிரிவுக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

கூகிளில் பொறியாளராகப் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரில் ஒரு விதி உண்டு: பயனாளர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குத் தராத நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். எங்கள் ஆர்டர் பட்டியல் தற்செயலாக நேர வரிசையில் வந்துகொண்டிருந்தது. அந்த வரிசைக்கு வாக்குத் தருவோம், இல்லையென்றால் கலைத்துக் கொடுப்போம் என்று முடிவெடுத்து, வாக்கே தந்தோம். கோ நிரலாக்க மொழி இதில் மறுபக்கம் போனது. மேப் என்ற தரவு அமைப்பின் வரிசையை யாரும் நம்பிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் மாற்றுகிறது.

பழைய வெர்ஷனை நிறுத்தும் கெடுவுக்கு, சர்வர்களில் ஆப்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸைப் பார்த்தோம். அங்கே நிலையான ஏபிஐ கைவிடப்படுவதாக அறிவித்த பிறகும் 12 மாதங்கள் அல்லது மூன்று ரிலீஸ்கள், எது நீளமோ அதுவரை இயங்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. நாங்கள் 12 மாதங்கள் என்று வைத்தோம். நிறுத்தும் தேதி, ஆர்எஃப்சி 8594 சொல்லும் சன்செட் ஹெடரில் (பதிலின் தலைப்புக் குறிப்பில்) ஒவ்வொரு பதிலோடும் போகும். அக்கா கேட்டுச் சேர்த்த வரி ஒன்று: அந்தத் தேதி நவம்பர் விற்பனைக் காலத்திலிருந்து சீனப் புத்தாண்டு முடியும்வரை எந்த நாளிலும் விழக்கூடாது. அந்த மாதங்களில் எந்தக் கடைக்காரரும் தன் நிரலைத் தொடமாட்டார்.

இப்போது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய, புதிய ஓப்பன்ஏபிஐ விவரிப்புகளை (ஏபிஐயின் வடிவத்தைச் சொல்லும் கோப்புகளை) ஒரு கருவி ஒப்பிட்டு, விதி மீறினால் பில்டை (புது வெர்ஷனின் உருவாக்கத்தை) நிறுத்திவிடுகிறது. நடத்தை மாற்றம் அதன் கண்ணில் படாது. அதற்காக இன்னும் ஆதரவில் இருக்கும் பழைய கிளையண்ட் நூலகங்களை அப்படியே வைத்து, அவற்றின் அன்றைய டெஸ்ட்களைப் புது சர்வருக்கு எதிராக ஓட்டுகிறோம். ஒரு டெஸ்ட் சிவப்பானாலும் (தோற்றாலும்), அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் கையெழுத்து அக்காவுடையது.