ஓரத்தில் எழுதிய கேள்விகள்

பினாங்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படித்தபோது, தொழில்நுட்ப எழுத்துப் பாடத்தின் முதல் இடுபணியாகப் பட்டறையில் இருந்த துளையிடும் இயந்திரத்துக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதினேன். தமிழ்ப்பள்ளி நாள் முதல் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வாங்கிப் பழகியிருந்ததால், வேலை எளிதாகவே தோன்றியது. பாதுகாப்புக் கண்ணாடி பற்றிய எச்சரிக்கையை எட்டாவது படியாகக் கடைசியில் சேர்த்திருந்தேன். திரும்பி வந்த தாளில், அந்த வரிக்கு அருகே விரிவுரையாளர் பென்சிலால் எழுதியிருந்தார்: "நான் துளையிட்டு முடித்துவிட்டேன். கண்ணாடியைப் பற்றி இப்போது சொல்கிறீர்களே!"

ஆபத்து நேரக்கூடிய படிக்கு முன்பே எச்சரிக்கை வர வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். இயந்திரத்தின் முன் நிற்பவராக அவர் பேசிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அந்த விரிவுரையாளரை நாங்கள் "புவான்" (மலாயில் "அம்மா" என்பதுபோல மரியாதைச் சொல்) என்றே அழைப்போம். "வேகம் மிதமாகச் சரிசெய்யப்பட வேண்டும்" என்ற என் வாக்கியத்துக்கு, "யார் சரிசெய்வது? மிதம் என்றால் எத்தனை?" என்று கேட்டிருந்தார். பட்டறைக்குப் போய் வேக அட்டவணையைப் பார்த்து, "மெல்லெஃகில் 10 மில்லிமீட்டர் துளையிட, வேகத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுகளாக வையுங்கள்" என்று மாற்றினேன். முந்தைய பருவத்தில் இன்னொரு விரிவுரையாளர் சிவப்பு மையில் "தெளிவில்லை" என்று மட்டும் எழுதித் தருவார். எது தெளிவில்லை என்று அறியாமல், ஒவ்வொரு முறையும் வாக்கியத்தை இன்னும் நீளமாக்கிக் கொடுத்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கையேட்டைச் சோதிக்க, வணிகத் துறை மாணவர் ஒருவரைப் புவான் அழைத்து வந்தார். பட்டறை உதவியாளர் பக்கத்தில் நிற்க, அந்த மாணவர் என் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, மின்சாரம் இணைக்காத இயந்திரத்தில் ஒவ்வொரு படியாகச் செய்ய வேண்டும். எழுதிய நான் வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது படியில் அவர் கை அப்படியே நின்றது. "பிடிகருவியை இறுக்குங்கள்" என்று எழுதியிருந்தேன். அது எது என்று எங்கும் சொல்லவில்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் உள்ள தொழிற்சாலையில் இரவு வேலைக்கு வரும் நேப்பாளத் தொழிலாளரும் இப்படித்தான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார் என்று புவான் சொன்னார். பின்னர் தொழிற்பயிற்சிக்கு அங்கே போனபோது, அதை நேரில் கண்டேன்.

இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். விரிவுரையாளரின் அறைக்குச் சென்று "புரியவில்லை" என்று மட்டும் சொன்னால், பழைய விளக்கமே திரும்பக் கிடைக்கும், "நான்காம் படியை இரண்டாகப் பிரிக்கலாமா?" என்று கேட்டால், அவர் பேனாவைக் கையில் எடுத்துவிடுவார். விரிவுரையாளர் கணினிக் கோப்பில் செய்து அனுப்பும் திருத்தங்களை ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். குறிப்பு தவறாகத் தோன்றினால், அதையும் மரியாதையுடன் சொல்லுங்கள்; புவான் இரண்டு முறை என் காரணத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் வரைவில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "அவசரமாக நிறுத்த எதை அழுத்துவது?" அந்தச் சிவப்புப் பொத்தானைப் படமாக வரைந்து, முதல் பக்கத்தில் சேர்த்தேன்.