திங்கட்கிழமைகளில் விழும் நிரல்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பிற்பகல் இரண்டரை மணிக்கு, அதே கணினியில், ஆவணங்களைத் திறந்து காட்டும் எங்கள் நிரல் மறுபடியும் விழுந்தது, அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. திரையில் வந்த செய்தியும் அதேதான்: நினைவகம் போதவில்லை. அந்தக் கணினியில் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. விழுந்தபோது நிரல் எடுத்துக்கொண்டிருந்தது 310 எம்பி. முக்கால்வாசி காலியாகக் கிடக்கும் கிடங்கின் வாசலில் நின்றுகொண்டு இடமில்லை என்று கையை விரிப்பது போல இருக்கிறது. பிப்ரவரி 24 அன்றும் இதுவே நடந்தது, அன்றும் திங்கட்கிழமை.

விழுவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "ஒன்றும் செய்யவில்லை சார், எப்போதும் போல அடுத்த ஆவணத்தைத் திறந்தேன், அவ்வளவுதான்" என்றார் அந்தக் கணினியில் வேலை செய்யும் அம்மையார். சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப்பட்ட பதிலை நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன், ஏனெனில் பயனர் கடைசியாகச் செய்த செயலுக்கும் பிழைக்கும் பல நேரங்களில் எந்த உறவும் இருப்பதில்லை. மூடித் திறந்ததும் நிரல் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதுதான் என்னை உறுத்துகிறது.

மார்ச் 4, செவ்வாய்

என் கணினியில் நாள் முழுவதும் ஓடவிட்டும் விழவில்லை.

மார்ச் 5, புதன்

காலையில் வேறொரு புகார்: இணையப் பக்கத்தில் ஓர் ஆவணத்தைச் சொடுக்கினால் இன்னொருவருடைய ஆவணம் திறக்கிறதாம். திங்கட்கிழமை விழும் நிரலை விட இது அச்சம் தருவது, ஏனெனில் விழும் நிரல் தன் குறையை உரக்கச் சொல்லிவிடுகிறது. இதுவோ தவறான ஒன்றைச் சரியானது போல அமைதியாக எடுத்து நீட்டுகிறது.

முதலில் தரவுத்தளத்தைச் சந்தேகித்தேன், பிறகு அனுமதிச் சரிபார்ப்பைச் சந்தேகித்தேன், இரண்டும் குற்றமற்றவை. பகல் முழுவதும் சேவையகத்தின் பதிவுகளைப் படித்த பின், உலாவியின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, வந்த பதிலை இரண்டு விதமாகப் பார்த்தேன். சேவையகம் அனுப்பிய மூல எழுத்துகளைக் காட்டும் ரெஸ்பான்ஸ் பகுதியில் ஆவண எண் 20250305000104217 என்று இருந்தது. அதையே உலாவி புரிந்துகொண்டு அழகாக அடுக்கிக் காட்டும் ப்ரிவ்யூ பகுதியில் 20250305000104216 என்று இருந்தது. ஒரே பதில், இரண்டு எண்கள்.

உலாவிக்குள் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண்கள் எல்லாமே 64 பிட் மிதவைப் புள்ளி எண்கள். 9007199254740991 வரைதான் எந்த முழு எண்ணையும் அதனால் பிசகாமல் வைத்திருக்க முடியும். அதைத் தாண்டினால் சில முழு எண்களுக்கு இடமே இல்லை. நம்முடைய ஆவண எண்கள் இருக்கும் உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே நான்கு இடைவெளி உண்டு. ஆகவே 215, 216, 217 என்று முடியும் மூன்று ஆவணங்களும் உலாவிக்குள் நுழைந்ததும் 216 என்ற ஒரே ஆவணமாகிவிடுகின்றன. இத்தனை நாள் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது: தேதிக்கு எட்டு இலக்கம், கிளைக்கு நான்கு, வரிசைக்கு நான்கு என்று 16 இலக்கமாக இருந்தவரை எல்லா எண்களும் அந்த எல்லைக்கு உட்பட்டே இருந்தன. சென்ற மாதம் வரிசை எண்ணுக்கு ஓர் இலக்கம் கூட்டினோம். அந்த மாற்றத்துக்கான சோதனைகளைச் சேவையகப் பக்கத்தில் மட்டும் ஓட்டினோம். அங்கே 64 பிட் முழு எண்ணாக அது எந்தச் சிக்கலும் இன்றி அமர்ந்திருந்தது.

கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்னும்போது அதை எண்ணாக அனுப்பியதே தவறு. இரவில், தரவை அனுப்பும் ஜேசன் வடிவத்தில் அதை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து எழுத்துச் சரமாக மாற்றினேன். இரண்டே குறிகள்.

மார்ச் 6, வியாழன்

திங்கட்கிழமையில் என்ன இருக்கிறது?

இன்று முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் போனது. ஞாயிறு இரவு 11 மணிக்குத் தரவுத்தளக் காப்புப்பிரதி எடுக்கப்படுகிறது. வைரஸ் தடுப்பு நிரலின் முழுச் சோதனையும் ஞாயிறன்றுதான். விண்டோஸ் மேம்பாடுகள், சேவையகத்தின் மறுதொடக்கம், வார அறிக்கை என்று வாரத்தின் திருப்பத்தில் நடப்பவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். எதுவும் பொருந்தவில்லை. அந்த ஒரு கணினியில் மட்டும் விழுகிறது என்பதால் நினைவகச் சில்லைக் கழற்றி மாற்றச் சொன்னேன்; மாற்றவில்லை. அதற்கு ஒரு காரணமும் எனக்கு இல்லை. ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது.

நிரலில் படங்களைக் கையாளும் பகுதியையும் வரிவரியாகப் பார்த்தேன். திறந்த படங்கள் எல்லாம் முறையாக மூடப்படுகின்றன. பயன்படுத்தி முடித்த படத்தை விடுவிக்கும் டிஸ்போஸ் அழைப்பு இல்லாத இடமே இல்லை. "படங்கள், சரிபார்த்தாயிற்று" என்று தாளில் எழுதி அதையும் அடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அந்தக் கணினியில் நினைவகம் காலையில் 304 எம்பி, மாலையில் 311 எம்பி. ஏறவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஆவண எண் திருத்தத்தை நேற்றே சேவையகத்தில் ஏற்றியும் ஒருவருக்கு மட்டும் பழைய நிரல்தான் போகிறது. உலாவி பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. சேவையகம் அனுப்பும் பதிலின் தலைப்பில் நோ-கேஷ் என்று எழுதினால் உலாவி எதையும் சேமிக்காது என்று நினைப்பவர்கள் பலர். சேமிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் சேவையகத்திடம் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்தும். சேமிக்கவே கூடாது என்றால் நோ-ஸ்டோர். நாம் இரண்டில் ஒன்றைக்கூட எழுதியிருக்கவில்லை. கோப்பின் பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்தேன், தீர்ந்தது.

மார்ச் 8, சனி

விடுமுறை நாளிலும் ஒரு மின்னஞ்சல்: வெளிநாட்டுக் கிளையில் ஆவணத் தேதிகள் எல்லாம் ஒரு நாள் முன்னதாகத் தெரிகின்றன. பார்க்காமலேயே சொல்லிவிட்டேன். "2025-03-08" என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. அதோடு மணியையும் சேர்த்து மண்டலத்தைக் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ளவர்களுக்கு அந்த நள்ளிரவு இன்னும் முந்தைய நாளின் மாலை.

பார்க்காமல் சொன்னது சரியாக இருந்தது. இந்த வாரத்தில் அப்படி ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

மார்ச் 9, ஞாயிறு

நாளை திங்கட்கிழமை.

மார்ச் 10, திங்கள்

மூன்று மணிக்கு விழுந்தது.

இம்முறை செய்தி வருவதற்கு முன்பே, படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பெட்டியும் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறியும் தோன்றியதாக அந்த அம்மையார் சொன்னார். கைப்பேசியில் படம் எடுத்தும் அனுப்பினார். இதுவரை எனக்குக் கிடைத்தவற்றில் இதுவே மிகப் பெரிய உதவி. விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்னும் கருவித்தொகுப்பால் எழுதப்பட்ட நிரல்களில், பொத்தான், படப்பெட்டி போன்ற ஒரு திரை உறுப்பு தன்னைத்தானே வரைந்துகொள்ளும்போது தவறு நேர்ந்தால்தான் அந்தச் சிவப்புக் குறி வரும். ஆக, தீர்ந்துபோனது வரைவதற்குத் தேவையான ஏதோ ஒன்று. ஒரு வாரமாக நான் எம்பி கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், தலைப்பு வரிசையில் வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்கி, ஒரு நிரல் வரைவதற்காகப் பிடித்துவைத்திருக்கும் பொருள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைச் சேர்க்கச் சொன்னேன். நண்பகல் 12 மணிக்கு அந்த அம்மையார் படித்துச் சொன்ன எண் 1,742. என் கணினியில் அதே நிரல் காட்டுவது 418. மாலை ஐந்தரைக்கு மீண்டும் கேட்டேன்: 2,826.

விண்டோஸ் ஒரு நிரலுக்கு இயல்பாக அளிக்கும் ஜிடிஐ ஹேண்டில்கள், அதாவது அந்தப் பொருள்களைக் குறிக்கும் எண்கள், 10,000. தூரிகை, எழுத்துரு, படம் என்று திரையில் வரையத் தேவையான ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹேண்டில். பத்தாயிரம் தீர்ந்தால், நினைவகம் எத்தனை ஜிபி மிச்சமிருந்தாலும் வரைய முடியாது. அந்தத் தோல்வியைத்தான் நிரல் நினைவகம் போதவில்லை என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதை விட மோசமாக வழிகாட்டும் ஒரு செய்தியை நான் பார்த்ததில்லை.

மார்ச் 12, புதன்

உணவு இடைவேளைக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண் கேட்டேன். இரண்டும் ஒன்றே. ஆகவே நேரம் ஆக ஆக ஏறவில்லை. வேலை ஆக ஆக ஏறுகிறது. மணிக்கு ஏறத்தாழ 60 ஆவணங்கள் திறக்கிறார். மணிக்கு ஏறத்தாழ 240 ஹேண்டில்கள் கூடுகின்றன. ஒவ்வோர் ஆவணத்துக்கும் நான்கு. ஆவணத் திரையில் காட்டப்படும் சிறு படங்களும் நான்கு.

நானூற்றுச் சொச்சத்தில் தொடங்கி மணிக்கு 240 என்றால் பத்தாயிரத்தை எட்ட 40 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து வேலை நாள்கள். ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் தொடங்கினால் அடுத்த திங்கட்கிழமை பிற்பகலில் தீரும். அன்று மூடித் திறப்பார்கள், மறுபடி அதற்கு அடுத்த திங்கள். முதல் திங்கள் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். புதிய பதிப்பை பிப்ரவரி 17 அன்று நிறுவியிருக்கிறோம். காப்புப்பிரதிக்கும் வைரஸ் சோதனைக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. நாங்கள் நிறுவிய கிழமைதான் வாரம் தவறாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு கணினியில் மட்டும் ஏன் என்பதும் மீதமிருந்தது. "மாலையில் கணினியை அணைத்துவிட்டுப் போவீர்களா, அம்மா?" என்று கேட்டேன். "இல்லை சார், காலையில் திறக்க நேரமாகிறது என்று திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவேன்" என்றார். மற்றவர்கள் அனைவரும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள்.

என் கணினியில் ஏன் ஏறவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் சோதனை ஆவணங்கள் ஒன்றிலும் படமே இல்லை.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்தேன். நான் "சரிபார்த்தாயிற்று" என்று அடித்த பகுதியிலேயே இருக்கிறது.

சிறு படத்தை உருவாக்கும் இடத்தில் கெட்ஹெச்பிட்மேப் என்று ஓர் அழைப்பு. அது படத்தின் ஜிடிஐ நகல் ஒன்றை உண்டாக்கி அதன் ஹேண்டிலைக் கையில் கொடுக்கிறது. அந்த ஹேண்டிலிலிருந்து இன்னொரு படத்தை உருவாக்கிக்கொண்டு, மூலப் படத்தை முறைப்படி டிஸ்போஸ் செய்கிறது எங்கள் நிரல். ஆனால் மூலப் படத்தை மூடினால் அந்த ஹேண்டில் மூடப்படுவதில்லை. டெலிட்ஆப்ஜெக்ட் என்று தனியாக அழைத்தால்தான் போகும். எங்கள் நிரல் ஓடும் தளமான டாட்நெட்டில், பயன்படாதவற்றைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டருக்கு அது வெறும் ஓர் எண். அதன் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. நான் டிஸ்போஸ் இருக்கிறதா என்று தேடினேன், எல்லா இடத்திலும் இருந்தது, திருப்தியடைந்தேன்.

இந்தச் சுற்றுவழி ஏன் எழுதப்பட்டது என்று மாற்றங்களின் வரலாற்றில் பார்த்தேன். முன்பு படக் கோப்பை நேரடியாகத் திறந்து காட்டினார்கள். அப்படித் திறந்தால் படம் மூடப்படும் வரை கோப்பு பூட்டப்பட்டிருக்கும், வேறு யாரும் அதை மாற்ற முடியாது. "கோப்பு வேறொரு நிரலின் பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழை வந்திருக்கிறது. அதைத் தீர்க்க நகல் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிழை அன்றே தீர்ந்தது, உண்மைதான். ஒரு பிழையைத் தீர்த்ததும் வரும் நிம்மதியில் அடுத்த நாற்பது மணி நேரத்தை யார் நினைக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவகத்தில் அந்தப் பத்தாயிரத்தை உயர்த்திவிடலாமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். முடியும், 65,536 வரை உயர்த்தலாம். உயர்த்தினால் ஐந்து நாளில் விழுவது ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும், அதற்குள் நாங்கள் எல்லோரும் இதை மறந்திருப்போம். வேண்டாம் என்றேன், சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

டெலிட்ஆப்ஜெக்ட் அழைப்பை ஃபைனலி பகுதிக்குள் வைத்து, நகல் எடுப்பதில் பிழை நேர்ந்தாலும் ஹேண்டில் விடுவிக்கப்படும்படி செய்தேன். படங்களுள்ள ஐந்நூறு ஆவணங்களைச் சோதனைத் தரவில் சேர்த்தேன். பழைய பதிப்பில் எண் ஏறுவதை முதன்முறையாக என் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு சொடுக்குக்கும் நான்கு, கடிகாரம் போல. மாலையில் புதிய பதிப்பை நிறுவினார்கள்.

மார்ச் 17, திங்கள்

காலை 418. மாலை 431.

மார்ச் 18, செவ்வாய்

காலை 418. மாலை 429. இரவில் தானாகவே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுகிறது.

மார்ச் 19, புதன்

காலையில் மறுபடியும் மிகச் சரியாக 418. இவ்வளவு ஒழுங்கான நிரலை நான் எழுதியதே இல்லை.

மார்ச் 24, திங்கள்

மூன்று மணி வரை காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நாலரை மணிக்கு நானே அழைத்தேன்.

"இப்போது ஒரு தொந்தரவும் இல்லை சார். நீங்கள் அன்றைக்குக் கேட்டதிலிருந்து மாலையில் மறக்காமல் கணினியை அணைத்துவிட்டுத்தான் போகிறேன்" என்றார்.

அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இன்று மாலை 430.