துளிர்த்தது எது?

போன வருஷம் ஆடியில் பன்னிரண்டு மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டினேன். பதினொன்று பத்தே நாளில் கருகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்று ஜோராகத் துளிர்த்தது, வந்தவர் போனவர் எல்லோரிடமும் காட்டினேன். ஒரு மாசம் கழித்துக் குனிந்து பார்த்தால், துளிர் கட்டுக்குக் கீழேயிருந்து வந்திருக்கிறது. அதாவது கொட்டைக்கன்று தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது, மேலே சொருகிய தாய்மரத்துக் குச்சி எப்போதோ செத்துப்போயிருந்தது.

இத்தனை பாடு எதற்கென்றால், வீட்டில் இருப்பது தாத்தா வைத்த இமாம்பசந்த் மாமரம். அதன் கொட்டையை முளைக்க வைத்தால் அதே பழம் வரும் என்று நம்ப முடியாது, குச்சியைத்தான் ஒட்ட வேண்டும். அந்தக் காலத்தில் நெருக்கு ஒட்டு, தாய்மரத்தடியில் பரண் கட்டிக் கன்று இருக்கும் தொட்டியை ஏற்றி வைத்து, கிளையோடு சேர்த்துக் கட்டி இரண்டு மூன்று மாசம் தண்ணீர் ஊற்றுவார்கள். இப்போது ஆப்பு ஒட்டுதான். கன்றின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் உறையைக் கவிழ்த்தால் முடிந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும், இரண்டிலும் அது ஒட்டினால்தான் உயிர் பிடிக்கும். குச்சி ஒல்லியாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள், ஒரு ஓரமாவது நேருக்கு நேர் வரட்டும்.

இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். தப்பு எங்கே என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் பக்கம் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் சொன்னார். "தூங்குற குச்சிய வெட்டினா எப்படி தம்பி? மரத்துலயே எழுப்பிட்டுல்ல வெட்டணும்!"

விஷயம் இதுதான். பென்சில் கனத்தில், மூன்று நான்கு மாசம் முற்றிய குச்சியாகப் பார்த்து, வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே மரத்தில் வைத்தே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், காம்பை மட்டும் கொஞ்சம் விட்டு. அந்தக் காம்புகள் காய்ந்து தானாக உதிரும், நுனி மொட்டு உப்பி நிற்கும். அப்போது வெட்டி அன்றைக்கே கட்டிவிட வேண்டும்.

இந்த ஆடியில் பத்துக்கு ஏழு பிடித்தது. கட்டுக்குக் கீழே வருகிற துளிரைப் பார்த்த இடத்திலேயே கிள்ளினேன். தையில் ஒரு கன்று முழங்கால் உயரம்கூட இல்லாமல் பூ விட்டது. அதையும் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் செடி தேறாது. அம்மா விடவே இல்லை. அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத்தான் கிள்ளினேன்.