தினசரி ஓட்டத்துக்கு முதல் மின்சார கார்: நாட்குறிப்பு

ஜனவரி 5

மின்சார கார் வாங்கலாம் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம். வேலைக்குப் போய்வருவதற்காக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டி இரவில் நிற்கும் இடத்தை. அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு ஒயர் இழுத்து வர வழி உண்டா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டிலும் இல்லை, வேலை செய்யும் இடத்திலும் இல்லை என்றால் எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் தினசரி ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பொது சார்ஜரை மட்டும் நம்பி ஓட்டினால் வாராவாரம் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

கணக்கு எளிது. போகவர 60 கி.மீ., கி.மீ.க்கு 160 வாட்-மணி என்றால் 9.6 யூனிட் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). சார்ஜ் ஆகும்போது 12% வீணாகிறது என்று வைத்தால் சுவரிலிருந்து சுமார் 11 யூனிட் எடுக்கும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட், ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 16 ஆம்பியரில் மூன்று மணி நேரம், 32 ஆம்பியரில் ஒன்றரை மணி நேரம். இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு இதில் எதுவும் போதும்.

ஜனவரி 9

பேட்டரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? விளம்பரத்தில் போடும் ரேஞ்சை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அந்த எண்ணைத் தரும் டபிள்யூ.எல்.டி.பி. என்ற ஆய்வகச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அந்த எண் கிடைக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 90-இலிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும்.

நான் போடும் கணக்கு பின்னாலிருந்து தொடங்கும். உங்கள் வழக்கமான நாட்களில் மிக நீண்ட நாள் 120 கி.மீ. என்று வையுங்கள். மழை, வேகம், ஹீட்டர் எல்லாம் சேர்ந்த மோசமான நாளில் கி.மீ.க்கு 220 வாட்-மணி, ஆக 26.4 யூனிட். 80% வரை ஏற்றி 10%-இல் வீடு சேர வேண்டும் என்றால் பேட்டரியில் 70%-தான் கையில் இருக்கும், 26.4-ஐ 0.7-ஆல் வகுத்தால் 37.7. பல ஆண்டுகளுக்குப் பிறகு கொள்ளளவு 80%-ஆகக் குறைந்தாலும் ஓட வேண்டும் என்றால் அதை இன்னும் 0.8-ஆல் வகுக்க வேண்டும். வருவது 47. அந்த 47 என்பது பயன்படும் கொள்ளளவு. சில தயாரிப்பாளர்கள் மொத்தக் கொள்ளளவை முன்னால் போட்டு இதைச் சிறு எழுத்தில் தள்ளுவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட நாளே 60 கி.மீ.தான் என்றால் இதே கணக்கில் 24 யூனிட் பேட்டரி போதும். தேவைக்கு மேல் பெரிய பேட்டரி வாங்கினால் அந்த எடையைத் தினமும் சுமந்துகொண்டு ஓட வேண்டும்.

குளிர் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண மின்சார ஹீட்டர் தொடக்கத்தில் 3 முதல் 5 கிலோவாட் வரை இழுக்கும். குறுகிய தூரம் ஓட்டுபவருக்குத்தான் இதில் அதிக அடி. அரை மணி நேரத்தில் 20 கி.மீ. ஓட 3 யூனிட் என்றால், அந்த அரை மணி நேரத்தில் ஹீட்டரே ஒன்றரை யூனிட் தின்றுவிடும். வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் ஹீட் பம்ப் உள்ள மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். சீட் ஹீட்டருக்கு நூறு வாட் கூட ஆகாது. முதலில் அதைப் போடுங்கள்.

ஜனவரி 14

பேட்டரி செல்லில் இரண்டு வகை: எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்). எது? வீட்டில் தினமும் பிளக் மாட்டுபவருக்கு எல்.எஃப்.பி. நல்ல தேர்வு. ஏற்றி இறக்கும் சுழற்சிகள் அதிகம் தாங்கும், 100% ஏற்றினாலும் அவ்வளவாகப் பாதிப்பில்லை. ஆனால் அதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் கிட்டத்தட்டத் தட்டையாகவே இருக்கும், செல்லுக்கு 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால் மின்னழுத்தத்தை வைத்து மீதி எவ்வளவு என்று பேட்டரி நிர்வாக அமைப்பால் சரியாகச் சொல்ல முடியாது. எப்போதும் 40-க்கும் 80-க்கும் இடையிலேயே வைத்திருந்தால் திரையில் காட்டும் எண் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். 15% காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று சரியும். கையேடு சொல்கிற இடைவெளியில், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 100% வரை ஏற்றுவது இதற்காகத்தான்.

என்.எம்.சி. அதே எடையில் அதிக யூனிட் தரும், குளிரில் கொஞ்சம் வேகமாக ஏறும். அதற்குத் தினசரி உச்சம் 80%. முழுச் சார்ஜில் வெயிலில் நிற்க வைப்பதுதான் அதற்கு ஆகாதது. சூடும் உயர்ந்த மின்னழுத்தமும் சேர்ந்தால், ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் தேயும்.

ஜனவரி 20

டெஸ்ட் டிரைவில் எல்லோரும் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அது எல்லா மின்சார காரிலும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது வேறு.

டிரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கிவிட்டு, உங்கள் வழக்கமான பாதை போன்ற ஒன்றில் போய் அதே வழியே திரும்பி, கி.மீ.க்கு எத்தனை வாட்-மணி ஆனது என்று பாருங்கள். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் மேடும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சில வண்டிகளில் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா? சார்ஜ் வாய் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். சார்ஜருடன் வரும் கேபிள் பெரும்பாலும் 5 மீட்டர். நீங்கள் நிறுத்தும் இடத்தில் சார்ஜர் இடது சுவரில், வாய் வலது பின்பக்கம் என்றால் கேபிள் வண்டியைச் சுற்றி வந்து எட்டாமல் போகும்.

வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்னாக மாற்றும், வண்டிக்குள்ளிருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை ஃபேஸ் என்றும் கேளுங்கள். 7.4 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் வண்டியை 11 கிலோவாட் மூன்று ஃபேஸ் கம்பத்தில் மாட்டினால், ஒரு ஃபேஸின் 16 ஆம்பியர் மட்டும் கிடைத்து 3.7 கிலோவாட்டில்தான் ஏறும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

ஜனவரி 25

ஒயரிங். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கார் சார்ஜ் என்பது தொடர்ச்சியான சுமை. கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ சில நிமிடங்கள் இழுத்துவிட்டு நிற்கும். கார் ஐந்தாறு மணி நேரம் ஒரே அளவில் இழுக்கும். சாதாரண சாக்கெட் உருகுவது இந்த இடத்தில்தான். ஆகவே மெயின் போர்டிலிருந்து வேறெதுவும் சேராத தனி லைன் வேண்டும்.

32 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். 20 மீட்டர் தூரத்துக்குப் போகவர 40 மீட்டர் செம்பு. மின்தடை சுமார் 0.12 ஓம், 32 ஆம்பியரில் 4 வோல்ட் இறங்கும். இது பரவாயில்லை. அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் ஒன்பதரை வோல்ட் இறங்கி, 300 வாட் சுவருக்குள் சூடாகப் போகும். தூரம் அதிகம் என்றாலோ, குழாய்க்குள் பல ஒயர்கள் நெருக்கமாகப் போனாலோ 10 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள். சுமை மீறினால் லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. 40 ஆம்பியர், 32 போட்டால் மணிக்கணக்கில் முழுச் சுமையில் நின்று சூடாகி, நள்ளிரவில் டிரிப் ஆகும்.

வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் பாருங்கள். ஏ.சி., வாட்டர் ஹீட்டர், கார் மூன்றும் சேர்ந்து மெயினைத் தாண்டினால், மெயின் ஒயரில் கிளாம்ப் சென்சார் மாட்டி, மற்றவை ஓடும்போது காரின் ஆம்பியரைத் தானே குறைக்கும் சார்ஜர் வாங்கலாம். அல்லது வண்டித் திரையிலேயே 16 ஆம்பியர் என்று வைத்துவிடுங்கள். தினசரி ஓட்டத்துக்கு அதுவே தாராளம்.

ஜனவரி 27

ஒயர் சரியாக இருந்தும் கருகுவது டெர்மினலில், அதாவது ஒயர் முனையை ஸ்க்ரூவால் இறுக்கும் இடத்தில். ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் 0.1 ஓம் தடை சேர்ந்தது என்று வையுங்கள். 32 ஆம்பியரில் அது 102 வாட். நாலு சால்டரிங் அயர்னை அந்தச் சின்னப் பெட்டிக்குள் போட்டு மூடியது போல. முதலில் எம்.சி.பி.யின் ஓரம் மஞ்சளாகும், பிறகு ஒயரின் மேலுறை ஸ்க்ரூவை ஒட்டிப் பழுப்பாகிச் சுருங்கி, செம்பு கருத்துத் தெரியும், கருகிய பிளாஸ்டிக் வாடை வரும். பலஇழை ஒயர் என்றால் முனைக்கு லக் அல்லது ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக உறை) போட்டு நசுக்கியே செருக வேண்டும். குறித்த அளவு விசையில் முறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் எம்.சி.பி.யில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் ஓடியபின் சப்ளையை நிறுத்தி எலக்ட்ரீஷியன் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.

கார் வந்த புதிதில் ஒரு மணி நேரம் முழு ஆம்பியரில் ஓடவிட்டு பிளக், போர்டு மூடி எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

பிப்ரவரி 3

மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வாங்கும்போது வகை முக்கியம். 'ஏ.சி.' வகை காருக்கு ஆகாது. காரின் சார்ஜரிலிருந்து நேர்மின் கசிவு வந்தால் அந்தக் கருவியின் காந்தச் சுருள் மரத்துப்போய், உண்மையான ஆபத்தில் டிரிப் ஆகாமல் நின்றுவிடும். சார்ஜரிலேயே 6 மில்லிஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் 'ஏ' வகை போதும். இல்லையென்றால் 'பி' வகை. இரண்டும் 30 மில்லிஆம்பியர்.

எர்த் இல்லாமல் சார்ஜர் வேலை செய்யாது, செய்யவும் கூடாது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்ய விடாதீர்கள்; எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8

கேபிள் மாட்டியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பழுதை நாமே கண்டுபிடித்துவிடலாம். சார்ஜர் ஒரு சின்னக் கம்பி வழியே 12 வோல்ட் சைகை அனுப்பும். மாட்டியதும் கார் அதை 9 வோல்ட்டாக இறக்கும். சார்ஜர் நொடிக்கு 1,000 முறை துடிக்கும் அலையாக அதை மாற்றி, அலையின் அகலத்தால் எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று சொல்லும், 26.7% என்றால் 16 ஆம்பியர். தயார் என்றால் கார் 6 வோல்ட்டாக இறக்கும். அப்போதுதான் சார்ஜருக்குள் 'டக்' என்று கான்டாக்டர் (மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) சத்தம் கேட்கும்.

டக் சத்தமே வரவில்லை என்றால் கார் மின்சாரம் கேட்கவில்லை என்று பொருள். நேர அட்டவணை போட்டிருக்கும், அல்லது வைத்த உச்சத்தை எட்டியிருக்கும். சத்தம் வந்த கையோடு டிரிப் ஆனால் கசிவைத் தேடுங்கள். நன்றாக ஓடி ஒரு மணி நேரம் கழித்து நின்றால் பிளக் சூடு அல்லது மின்னழுத்தச் சரிவு. மழை நாளில் மட்டும் டிரிப் என்றால் கனெக்டருக்குள் ஈரம்.

பிப்ரவரி 17

டெலிவரி. பணத்தைக் கட்டும் முன் ஏ.சி. (வீட்டில் வரும் மாறுமின்), டி.சி. (வேகச் சார்ஜரின் நேர்மின்) இரண்டிலும் சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். டயர் எவ்வளவு பழையது என்று அதில் தெரியும். காற்றைக் கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். பேட்டரி உத்தரவாதம் பல மாடல்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., 70% கொள்ளளவு. அந்த 70% என்ற வரி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். கேபிள் வாயில் சிக்கிக்கொண்டால் கையால் விடுவிக்கும் இழுகயிறு எங்கே என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் நாலு சக்கரமும் மேலே நிற்கும் ஃபிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பழுதாகும்.

மார்ச் 2

நீண்ட பயணத்துக்கு டி.சி. சார்ஜர். பலகையில் 50 கிலோவாட் என்றிருக்கும். பல சார்ஜர்களின் உச்சம் 125 ஆம்பியர். உங்கள் பேட்டரி அந்நேரம் 350 வோல்ட்டில் இருந்தால் கிடைப்பது 44-தான். 10%-இல் போய் மாட்டி, வேகம் தேயத் தொடங்கியதும் கழற்றுங்கள். 80-க்கு மேல் காத்திருப்பது உங்களுக்கும் வரிசையில் நிற்பவருக்கும் நேர வீண். பேட்டரி குளிர்ந்திருந்தால் எந்தப் பெரிய சார்ஜரும் மெதுவாகத்தான் ஏற்றும், காரணம் குளிர்ந்த செல்லில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். சார்ஜரை வழிகாட்டியில் இலக்காக வைத்தால் முன்கூட்டியே பேட்டரியைச் சூடாக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு.

மார்ச் 16

பெரிய பேட்டரியில் 70% இருந்தும் கதவே திறக்காத வண்டிகளைப் பார்க்கிறோம். காரணம் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரை மூடவே அந்தச் சின்ன பேட்டரிதான் வேண்டும். திரை தாமதமாக விழிப்பது, தொடர்பில்லாத எச்சரிக்கைகள் மாறிமாறி வருவது எல்லாம் அதன் அறிகுறி. போனில் ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் வண்டி விழித்து அதைத் தின்னும். கேமரா காவல் வசதி 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 7 யூனிட். பூட்டிய வீட்டு ஷெட்டில் அதை அணைத்துவிடுங்கள். ஒரு மாதம் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் 50%-இல் விட்டுச் செல்லுங்கள்.

பிரேக் பேடு அதிகம் தேயாது என்பது உண்மை, ஆனால் டிஸ்க் துருப்பிடிக்கும். ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் முறை, கிட்டத்தட்ட எல்லா வேலையையும் செய்வதால் பேடு டிஸ்க்கைத் தொடுவதே அரிது. பின்னால் வண்டி இல்லாத இடத்தில், நியூட்ரலில் போட்டு அவ்வப்போது அழுத்தமாகப் பிரேக் பிடித்து நிறுத்துங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 100% ஏற்றிய காலையில் ரீஜென் கிட்டத்தட்ட இருக்காது, மின்சாரம் போய்ச் சேர இடமில்லாததால். ஒற்றைப் பெடலில் ஓட்டிப் பழகியவர் முதல் சிக்னலுக்கு முன்னாலேயே காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.