கொம்பு இடம் மாறிய நல்வரவு

சிங்கப்பூரின் செம்பவாங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு மொழிகளில் ஒரு நல்வரவுப் பலகை வைப்பதாக அக்கம்பக்கத்தார் முடிவெடுத்தார்கள். "தமிழ்ல நாலு வரிதானே, எழுதிக் கொடுங்க" என்று என்னிடம் வந்தது. ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆயிற்று.

ஆங்கிலக் குறிப்பு மூன்றே வரி. ஊர்ப்பெயர் ஒரு மரத்தின் பெயர், இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது, அதில் இந்தியர்கள் வேலை செய்தார்கள். இதை அப்படியே தமிழில் போட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் படித்தேன். தளம் கட்டும் முடிவு 1920-களின் தொடக்கத்தில். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் பழுதுபார்ப்புத் துறை திறந்தது 1938 பிப்ரவரியில். 1968-இல் அது சிங்கப்பூர் கைக்கு வந்து கப்பல் பட்டறையானது. வெலிங்டன், கான்பரா என்று இங்குள்ள சாலைப் பெயர்களும் அந்தத் தளத்தின் மிச்சம்தான்.

எழுதியதை நான்காம் மாடி ஐயாவிடம் காட்டினேன். அவர் அப்பா அங்கே வேலை பார்த்தவர். "கடற்படைத் தளமா? யார் அப்படிச் சொன்னா? நேவல் பேஸ்னு போடுங்க தம்பி" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "இந்தியர்னு மொட்டையா இருக்கே. தமிழர், மலையாளின்னு போடுங்க. மலையாளிங்க இல்லாம நேவல் பேஸா?" இரண்டையும் திருத்தினேன். மூன்றாவதாக, ஊர்ப்பெயரை 'செம்பாவாங்' என்று நெடிலோடு எழுதச் சொன்னார். அதற்கு மட்டும் நான் மசியவில்லை.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. அச்சகத்திலிருந்து வந்த முதல் மாதிரியில் 'நல்வரவு' பளிச்சென்று இருந்தது. அதில் கொம்பே கிடையாது, தப்பித்தது. ஊர்ப்பெயரில்தான் அடி. ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் ம-வோடு ஒட்டிக்கொண்டது. படித்தால் 'சமெ்பவாங்'. "எழுத்தெல்லாம் இருக்கே, சரியாத்தானே இருக்கு?" என்றார் வடிவமைப்பாளர். தமிழ் தெரியாதவருக்கு அப்படித்தான் தெரியும், அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது மாதிரியிலும் அதே கதை. கோளாறு அவருடைய மென்பொருளில்: இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் தட்டச்சான வரிசையிலேயே வந்து நிற்கும். கடைசியில் நானே என் கணினியில் நான்கு வரிகளையும் சரிபார்த்து, எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றி பிடிஎஃப்பாக அனுப்பினேன். இனி யார் திறந்தாலும் கொம்பு நகராது. இதே வேலை உங்கள் தலையில் விழுந்தால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன், தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் கையெழுத்திடாமல் எதையும் விடாதீர்கள்.

பலகை மாட்டிய அன்று ஐயா கிட்டப் போய் நின்று விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தார். 'நேவல் பேஸ்' இருந்தது. 'மலையாளிகள்' இருந்தது. பிறகு ஊர்ப்பெயரில் விரலை நிறுத்தித் திரும்பினார்: "பா எங்கே தம்பி?"