கடைசியா எவ்வளவு தருவீங்க?

மன்னார்குடிப் பக்கம் ஒரு டிராக்டர் ஷோரூமில் சேல்ஸில் இருந்தவன் நான். இப்போது வேறு பிழைப்பு. ஆனாலும் சொந்தத்தில் யார் வண்டி எடுக்கப் போனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "மாப்ள, எவ்வளவு குறைப்பான்?"

எதிலிருந்து குறைப்பான் என்பதைத்தான் முதலில் பார்க்கணும். கொட்டேஷனில் ஷோரூம் விலையோடு இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், பம்பர், மேற்கூரை, கொக்கி எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தே சில வரிகளில் காற்று வைத்து எழுதுவோம். பிறகு அந்தக் காற்றை இறக்கிவிட்டு, "முதலாளிகிட்ட பேசி வாங்கித் தர்றேண்ணே" என்போம்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு எடுப்பவர்களிடம் இது இன்னும் சுலபம். கோட்டூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். புது வண்டி எல்லாம் சேர்த்து 8,20,000. தள்ளுபடி 35,000 கொடுக்கலாம் என்று உள்ளே முடிவாகியிருந்தது. அவருடைய பழைய வண்டி வெளியே 2,15,000 போகும். ஆக அவர் தர வேண்டியது 5,70,000.

அவரோ, "தம்பி, என் வண்டிக்கு ரெண்டரை போடு, இப்பவே அட்வான்ஸ் தர்றேன்" என்று பிடிவாதமாக நின்றார். மேனேஜர் பத்து நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டு ஒத்துக்கொண்டார், தள்ளுபடி மட்டும் கிடையாது என்று. 8,20,000இல் இரண்டரை போனால் அதே 5,70,000. பெரியவருக்கோ வாயெல்லாம் பல். ஊர் டீக்கடை வரைக்கும் பெருமை போயிருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: பழைய வண்டி இருப்பதையே முதலில் வாயைத் திறந்து சொல்லாதீர்கள். புதுசின் விலையை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பேசுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பழைய வரியோடு ஏழரை லட்ச ரூபாயாக இருந்த வண்டியில் வரியால் மட்டுமே 46,000 ரூபாய்க்கு மேல் குறையணும். அப்போது அத்தை மகனுக்கு ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷனில் பழைய விலையையே மேலே போட்டு, "ஆயுத பூஜை சலுகை 40,000" என்று எழுதியிருந்தார்கள். அரசாங்கம் குறைத்ததையே முழுசாகத் தராமல், அதற்குப் பூஜை வேறு!

டீலரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. யார்டில் நிற்கும் வண்டிக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். வண்டியில் நிற்கும் லாபம் கொஞ்சம்தான். கம்பெனி டார்கெட்டை எட்டினால் வரும் தொகை, பைனான்ஸ் கமிஷன், இன்சூரன்ஸ் கமிஷன், பிறகு சர்வீஸும் ஸ்பேரும், இதில்தான் கடை ஓடுகிறது. மாசக் கடைசியில் டார்கெட்டுக்கு ஒன்றிரண்டு வண்டி குறைந்தால் அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மேட்டூர் திறந்து, சேற்றுழவுக்கு ஊரே வண்டி தேடும் நேரத்தில் போய் நின்றால், சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல்கூட இலவசமாகக் கிடைக்காது.

பெரிய தள்ளுபடி என்றால் வண்டி எந்த மாசம் தயாரானது என்று பாருங்கள். ஜனவரியில் எடுக்கும் வண்டி முந்தைய வருஷத் தயாரிப்பாக இருந்தால், விற்கப் போகும்போது ஒரு வருஷம் பழசாகத்தான் மதிப்புப் போடுவார்கள். அதற்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள்.

வட்டி விஷயமும் இப்படித்தான். "எட்டு சதவீதம்தாண்ணே" என்பது பெரும்பாலும் நேர்வட்டி, அதாவது கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டி. ஆறு மாசத்துக்கு ஒரு தவணையாக ஐந்து வருஷம் கட்டினால், குறைந்துவரும் அசலுக்கு அது 13 சதவீதத்தைத் தாண்டும். தள்ளுபடி கூடக் கொடுத்துவிட்டு, நாங்கள் சொல்லும் பைனான்ஸில்தான் போடணும் என்பது இதற்காகத்தான். மொத்தம் எத்தனை தவணை, ஒன்று எவ்வளவு என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

இன்சூரன்ஸைக் கடையிலேயே எடுக்கணும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வெளியே விலை கேட்டுக்கொண்டு போங்கள்.