துணி வந்தது, துணை வரவில்லை

பனியன் கம்பெனிகளில் ஆர்டர் தாமதத்தை ஆராயப் போன எனக்கு முதல் ஆறு நேர்காணல்களில் ஒன்றுமே கிடைக்கவில்லை. "ஆர்டர் ஏன் தாமதமாகிறது?" என்று கேட்டேன். மின்வெட்டு, ஆள் பற்றாக்குறை என்று என் கேள்வித்தாளில் இருந்ததே பதிலாகத் திரும்பி வந்தது.

ஏழாவது நாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் அறை. டீ சர்ட்டுக்கு வெட்டிய துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. மேல் கட்டைத் தொட்டேன். விரலில் பஞ்சுத்தூசி படிந்தது. கழுத்துப் பட்டிக்கான ரிப் என்ற இழுபடும் பின்னல் துணி சாயப்பட்டறையிலிருந்து வரவில்லையாம். கட்டிங் மாஸ்டர் சொன்னார்: "துணி வந்துவிட்டது அம்மணி, துணைதான் வரவில்லை."

அன்றிரவு கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டேன். 'துணை வராமை' என்பதே என் முதல் குறியீடு, அதாவது களத்தில் கண்டதற்கு நான் இட்ட பெயர்.

நான் பின்பற்றும் கிரவுண்டட் தியரி என்ற ஆய்வு முறையில் கருதுகோளோடு களத்துக்குப் போவதில்லை. களத்தில் கிடைப்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கோட்பாடு எழுகிறது. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் சாகக் கிடந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதைக் கவனித்து, 1967இல் இந்த முறையை எழுதினார்கள். உற்பத்தி மேலாண்மைக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, கார்த் தொழிலில் நிறுவனங்களுக்கு இடையிலான உறவை இம்முறையில் ஆராய்ந்து பைண்டரும் எட்வர்ட்ஸும் 2010இல் வெளியிட்ட கட்டுரையைக் காட்டுவேன்.

அடுத்து யாரைப் பார்ப்பது என்பதையும் அந்தக் குறியீடே சொன்னது. சாயப்பட்டறைக்குப் போனேன். துணியையும் ரிப்பையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில், சாயம் போட்டால்தான் ஷேடு ஒத்துவரும். ரிப் பின்தங்கினால் தனியாகச் சாயம் ஏற்ற வேண்டும், ஷேடு தப்பினால் மறுபடியும். பேக்கிங்கில் லேபிளுக்காகவும் அட்டைப்பெட்டிக்காகவும் சரக்கு இதே போல் காத்துக்கிடந்தது.

ஆனால் ரிப் வராது என்று தெரிந்தும் ஏன் வெட்டுகிறார்கள்? எல்லாப் பாகமும் சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்கு என்றுதான் நாங்கள் வகுப்பில் கற்பிக்கிறோம். தையல் கான்ட்ராக்டர் ஒருவர் விளக்கினார்: பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, வரும் டெய்லருக்கு இன்று வேலை இல்லையென்றால், நாளை அவர் வேறு கம்பெனியில் இருப்பார். அதனால் தோளை மட்டுமாவது சேர்க்கக் கொடுக்கிறார்கள். நான் வீண் தேக்கம் என்று எண்ணியிருந்த குவியல், ஆளைப் பிடித்து வைக்கும் கயிறு. என் குறிப்பேட்டில் இதற்கு மட்டும் பதினான்கு பக்கம்.

இப்போது இதற்கு மாறான ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ரிப் வராமல் கத்தரியைத் தொடாத கம்பெனி. டெய்லர்களுக்கு அங்கே நாள் கூலி. திங்கட்கிழமை காலை ஷிப்டிலிருந்து அங்கே உட்காரப் போகிறேன்.